கேட்டுக்கு முன்பே இறங்கியவர்

இன்று ராயபுரத்திலிருந்து பழவேற்காட்டுக்கு, வழியிலுள்ள சின்ன ஊர்களைப் பார்த்தபடி தனியாக பைக்கில் கிளம்பினேன்.

முகத்துவாரக்குப்பத்தில் ஒரு மீனவர் லிஃப்ட் கேட்டு ஏறிக்கொண்டார்.

"தனியாவா போற? வூட்ல சண்டையா நைனா?"

"இல்லண்ணே, சும்மா ஊர் சுத்த. நீங்க?"

"ஆத்துல மீனு இல்ல. போட்டை வித்துட்டேன். கம்பெனில வாட்ச்மேன் வேலை. இன்னிக்குத்தான் மொத நாளு."

அத்திப்பட்டைத் தாண்டி, கம்பெனி கேட் தெரிந்ததும் தோளைத் தட்டினார்.

"இங்கியே நிறுத்து. இந்தக் கம்பெனியே வாணாம்னு அந்த கேட்ல குந்திகினு கத்துனவன் நானு. நீ போ நைனா. நான் உள்ள போறத யாரும் பாக்க வாணாம்."

கிளம்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது, யூனிஃபார்ம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

அதன்பிறகு எந்த ஊரையும் பார்க்கத் தோன்றவில்லை.

தனியாக பைக்கில் போனால் மனசு லேசாகும் என்று சொன்ன புண்ணியவான்கள் கொஞ்சம் கமெண்டுக்கு வாங்க.