எழுந்திரு அக்காவின் மெசேஜ்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவளை எல்லோரும் ‘எழுந்திரு அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். ஆராய்ச்சி மாணவி. நாற்காலியே கதி என்று கிடக்கும் எங்களை மெசேஜ் அனுப்பி எழுப்ப முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு மெசேஜ் வரும், மீதிப் பேருக்கு வராது. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பாளாம். எனக்கு வரும். என் அறைத்தோழிக்கு வராது. அதில் அவளுக்கு ஏகப் பொறாமை.

முதலில் வந்ததெல்லாம் ‘நீண்ட நேரம் அமர்ந்திருப்பது உடல்நலத்துக்குக் கேடு’ என்ற ரகம். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் அக்கா தன் அம்மாவிடம் புலம்பியிருக்கிறாள். ஐந்து பிள்ளைகளைத் திட்டியே வளர்த்த அம்மா. மறுநாளே மெசேஜின் தோரணை மாறிவிட்டது. ‘என்ன, சேர்ல வேர் விட்டுருச்சா?’ ‘எழுந்து போய்த் தண்ணி குடி, அது தானா நடந்து வராது.’ சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவோம்.

துறைத்தலைவர் மட்டும் நம்பவில்லை. படுத்துக்கொண்டே ‘எழுந்துட்டேன்’ என்று பதில் போடுகிறார்கள் என்றார். ஆராய்ச்சியைத் தொடர விடலாமா என்று முடிவு செய்ய எங்களையும் கூட்டி ஒரு கூட்டம் போட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அக்காவின் உழைப்பெல்லாம் அம்போ. மேடையில் அவள் பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

“ஒரு மெசேஜுக்கு எவனாவது எழுந்திருப்பானாம்மா?”

துறைத்தலைவர் எழுந்து நின்று கேட்டு வாய் மூடவில்லை, மண்டபத்தில் போன்கள் அதிர்ந்தன. தானாகப் போகும் மெசேஜை நிறுத்தி வைக்க, பதற்றத்தில் அக்கா மறந்திருந்தாள். ‘அங்க என்ன முட்டையா அடைகாக்குற? எழுந்திரு.’

நான் எழுந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தன் என்று மண்டபத்தில் சரிபாதி நிற்கிறது! மீதிப் பாதி ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் அறைத்தோழிக்குப் பாசம் பொங்கிவிட்டது. அக்காவுக்கு ஆதரவு என்று அவளும் எழப் போனாள். அவளைப் பார்த்து அந்த வரிசையே அசைந்தது. எல்லோரும் நின்றுவிட்டால் மெசேஜால்தான் எழுந்தார்கள் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அக்கா பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“மெசேஜ் வராதவங்க தயவுசெஞ்சு உட்காருங்க. என் பொழப்பே அதுலதான் இருக்கு.”

துறைத்தலைவருக்கும் மெசேஜ் வரவில்லை. நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்து, “சரி, தொடரும்மா” என்றார்.