அமாவாசைக்கு விடுமுறை கேட்ட ஜெபமாலை

லாரியில் கடற்பாசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ரோஸ்லினிடமிருந்து போன் வந்தது. ஜெபமாலையோடு ஒரே வகுப்பில் படித்த பெண். "அண்ணே, ஜெபமாலக்கா தவறிட்டாக. காலையில, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில" என்றார். சிறுநீரகக் கோளாறு இருந்தது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. லாரியை மதுரைக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் பாம்பனுக்குக் கிளம்பினேன். மழை இருட்டியிருந்தது, சரக்கு நனைந்தால் வீண். இதை மறைத்து எழுதுவானேன்? ஜெபமாலையும் முதலில் லாரியை அனுப்பத்தான் சொல்லியிருப்பார்.

அவரைக் கல்லூரியில் மட்டும் பார்த்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கடற்பாசி வியாபாரி. மூட்டை தூக்கி வந்து, பிறகு சொந்தமாகப் பாசி உலர்த்தும் களம் போட்டவன். ஜெபமாலை விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி பறித்தவர். இருபது வருடமாக என் களத்துக்குத்தான் பாசி போட்டார். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பை நாற்பது வயதில் மறுபடி எடுத்தார். சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடப் படிப்பு. அதில் தேறினால் பட்டப் படிப்புக்கு இடம் கேட்கலாம். தான் சேர்ந்ததோடு விடாமல் இன்னும் பத்துப் பெண்களைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்கு இந்த வயசுல எதுக்குண்ணே ரெண்டாவது களம்?" என்றார்.

பாசி எடுப்பவர்கள் தினமும் கடலில் இறங்குவதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில்தான் நீர் நன்றாக வற்றும். அந்த நாட்களை விட்டால் அந்த மாதம் அடுப்பு எரியாது. ஆனால் வகுப்பு எல்லா நாளும் நடந்தது. பாதி வருடம் போவதற்குள் பதினோரு பேருக்கும் வருகைப் பதிவு குறைந்துவிட்டது. இப்படியே போனால் தேர்வு எழுத விடமாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஜெபமாலை மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் விடுமுறை வேண்டும் என்று மட்டும் அதில் இருந்தது. கடல் என்ற சொல்லே இல்லை. கரையில் இருப்பவர்களுக்கு அமாவாசை என்றாலே கடல்தான். அதைத் தனியாக எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல்வர் வெளியூர்க்காரர். தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்திடம் ஏதோ விற்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "கிறிஸ்தவங்க அமாவாசைக்கு லீவு கேட்டு இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றாராம். ஜெபமாலை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "சலுகை வேணாம் சார். விட்ட பாடத்த நாங்க கரையில இருக்குற நாள்ல நடத்துங்க. கடலுக்கு லீவு லெட்டர் குடுக்க முடியாதுல்ல" என்றிருக்கிறார். அப்படியானால் இந்த நாட்களில் கடலுக்குப் போவதாகப் பாசி வாங்குகிறவரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றார் முதல்வர்.

அப்படித்தான் என்னிடம் வந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நான்தான் இவர்களுக்கு முதலாளி என்று யாராவது கிளம்பலாம். காப்பீடு, அது இது என்று வரும். வெளியே சொல்லாத இன்னொரு கணக்கும் எனக்கு இருந்தது. அதை அவரே சொல்லிவிட்டார்.

"நீங்க யோசிக்கிறது என்னன்னு தெரியும்ணே. நாங்க படிச்சுட்டா பாசிக்கு ஆள் வராதுன்னுதான? நாங்க பெயிலானாலும் எங்க பிள்ளைகள கடல்ல எறக்க மாட்டோம். எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு ஆளு இல்ல. கையெழுத்தப் போடுங்க."

சந்தையில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியவன் நான். அவர் போட்ட கணக்கில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான்கு நாள் இழுத்தடித்தேன்.

அவர் காத்திருக்கவில்லை. நான்காம் நாள் பௌர்ணமி. பதினோரு பேரும் கரையேறியவுடன், மாற்றுத்துணிகூட உடுத்தாமல், ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போய் முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். தரையெல்லாம் தண்ணீர், பாசி வாடை. "எழுதிக் குடுக்க ஆள் இல்ல சார். அதான் நாங்களே வந்துட்டோம்" என்று சொல்லி ஜெபமாலை விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, பாறை கிழித்த காயங்களைக் காட்டியிருக்கிறார். தினக் காலண்டரை எடுத்து வரச் சொன்ன முதல்வர், அங்கேயே கால அட்டவணையை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

நான் கடிதத்தோடு போனது மறுநாள். ஜெபமாலை என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "பரவால்லண்ணே, அடுத்த செட்டுக்கு ஆகும்" என்று வாங்கி உறையில் வைத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது பேர் தேறினார்கள். ஜெபமாலையும் ரோஸ்லினும் பட்டப் படிப்பில் சேர்ந்தார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் புதிய பெண்களுக்காக என்னிடம் கடிதம் வாங்க வருவார். போன வருடமே கொடுத்தேனே என்பேன். "ஆபீஸு வருசா வருசம் மறந்துரும்ணே. நம்ம வருசா வருசம் சொல்லணும்" என்பார். அவருடைய பட்டப் படிப்புக்கு இன்னும் ஒரு வருடம் மீதி இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் நீர் வற்றும் நாள். பெண்கள் கடலுக்குப் போனார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வருட வகுப்பு தொடங்கிவிட்டது. கடிதம் கேட்டு யாரும் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் பெயர் கேட்டு, நானே எழுதி, கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கேட்டது என்று எழுத்தர் விசாரித்தார். யாரும் கேட்கவில்லை என்றேன். கேட்டு வரும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் ஜெபமாலையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. இந்த முறை பதினான்கு பேர். எல்லோரும் தேறிவிட்டால் என் களத்துக்குப் பாசி வரத்து குறையும். தெரிந்துதான் கொடுத்தேன்.