மொட்டைமாடிக் கம்பியும் மூன்றாம் மாடிக்காரரும்

நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றி வாசிப்பது எனக்கு ஒரு பைத்தியம். இரண்டாம் உலகப் போரில் அவை கொஞ்ச ஆழத்தில் இருந்தபடியே, கரையிலிருந்து மிகத் தாழ்ந்த அலைவரிசையில் வரும் செய்திகளைக் கேட்கும். பதில் சொல்வதென்றால் மேலே வந்து அன்டெனாவை நீட்ட வேண்டும். வாயைத் திறந்தால் போதும், எந்தத் திசையில் நிற்கிறது என்று எதிரி பிடித்துவிடுவான். கேட்கலாம், கதைக்கக்கூடாது. எங்கள் நாட்டுச் சண்டைக் காலம் முழுக்கக் கொழும்பில் குடியிருந்த தமிழனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கியிலிருந்து கடல் பக்கச் சுவர் வரை ஒரு செப்புக் கம்பி கட்டியிருக்கிறேன். சிற்றலை ரேடியோவுக்கு. எங்கோ ஒருவர் அடிக்கும் மோர்ஸ் தந்திச் சத்தத்தைப் பிடிப்பதுதான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கிருக்கும் ஒரே சந்தோஷம். யாராவது பொலிசில் ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் பறிபோகும் என்ற பயம் இன்றும் போகவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர் ஒரு காலை கம்பியை அண்ணாந்து பார்த்தார்.

"அங்கிள், இது என்னத்துக்கு?"

"உடுப்புக் காயப்போட."

நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற மனைவியின் ஹவுஸ்கோட்டைத் தினமும் அதில் தொங்கவிட்டேன். ரேடியோ கரகரத்தது. உடுப்பில் பச்சைக் களிம்பு ஒட்டுகிறதென்று அவள் வைதாள்.

பிறகு ஒருநாள் அவர் அந்தக் கம்பியைக் கைபேசியில் படம் எடுப்பதைக் கண்டேன். உடுப்புக் கொடியை யார் படம் எடுப்பார்கள்? அவர் லிப்டில் ஏறினால் நான் படியால் இறங்கினேன். அவர் மனைவியோடு கதைக்க வேண்டாமென்று என் மனைவியிடமும் சொல்லி வைத்தேன்.

அந்த மாத முடிவிலேயே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. வழியனுப்புகிற சாக்கில் கீழே போனேன். லொறியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, வீடு வசதியில்லையோ?"

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"கோவிக்காதேங்கோ அங்கிள். உங்கட கம்பியைப் படமெடுத்து லண்டனில இருக்கிற மச்சானுக்கு அனுப்பினனான். அது அன்டெனா எண்டு அவர் சொன்னவர். பிறகேன் உடுப்புக்கெண்டு பொய் சொன்னனீங்கள்? நீங்கள் எங்களைப் பற்றிப் பொலிசுக்குத் தகவல் குடுக்கிற ஆளெண்டு என்ர மனுசி பயந்திட்டா. நீங்களே சொல்லுங்கோ, அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சாமானை இறக்கியிருப்பார்களோ என்னவோ. ஆனால் இதை ஏன் என்னிடம் கேட்கிறார், யார் கேட்கச் சொன்னது என்றுதான் என் புத்தி ஓடியது. லொறி பிரதான வீதிக்குத் திரும்பும்வரை அதையே யோசித்துக்கொண்டு நின்றேன்.