கலியாணக் குளிசை

1. வாயை மோந்து பாருங்க

பாலாவிக்குக் கிட்ட ஒரு வேன் றோட்டை விட்டு இறங்கி உப்பளத்து வரம்பில் ஏறி நின்றுவிட்டது என்ற செய்தி, ஆட்கள் வந்து சேர முதலே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. தில்லையடியிலிருந்து கலியாணத்துக்குப் போன வேன். உள்ளே முழுக்கப் பெண்கள். நல்ல காலம், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஓட்டிவந்த ரபீக் நானாவை மட்டும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

நான் அப்போது அந்தக் கரையோர ஆஸ்பத்திரியில் மருந்தாளர். சொந்த ஊர் உடப்பு. ரபீக் நானா நீரிழிவுக்காரருக்கான எங்கள் சீனி வருத்தக் கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறவர், என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர். அன்று சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. நாக்குக் குழறியது. நான் யாரென்றே தெரியாமல் என்னை ஏசினார்.

பின்னாலேயே ஜவாத் ஹாஜியார் வந்தார். மணப்பெண்ணின் பெரியவாப்பா, ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள மனிதர்.

“குடிச்சிரிக்கான் டொக்டர்! கலியாண நாளில, பொம்புளப் புள்ளையள ஏத்திக்கிட்டு! வாயை மோந்து பாருங்க!”

டொக்டர் மோந்து பார்க்கவில்லை. விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தார். அளவு அடிமட்டத்தில் கிடந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ரபீக் நானா கண்ணைத் திறந்து, “வேன்ல இருந்த ஆக்களுக்கு என்ன மிஸ்?” என்று கேட்டார். அதற்குள் ஹாஜியார் மண்டபத்துக்குப் போய்விட்டார். குடித்த கதையும் அவரோடு போய்விட்டது.

2. வயிற்றில் இடம்

“காலையில என்ன சாப்பிட்டீங்க நானா?”

“ஒண்டும் திங்கல்ல மிஸ். பகல் சாப்பாட்டுக்கு வயித்துல எடம் வேணுமே.”

“மருந்துக் குளிசை?”

“போட்டேன். ரெண்டு.”

“உங்களுக்கு ஒண்டுதானே எழுதியிருக்கு?”

“கலியாணமே மிஸ்! சஹன்ல இருந்தா புரியாணி, வட்டிலப்பம் எல்லாம் வரும். அதுக்கெண்டு ஒண்டு கூட. எல்லாரும் அப்புடித்தானே போடுற.”

சஹன் என்பது பெரிய தாலம். ஐந்தாறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பார்கள். நடுவில் கையை எடுத்தால் மற்றவர்களுக்கு முகம் வாடும். சீனி வருத்தக்காரரும் விட்டுக்கொடுக்காமல் சாப்பிடுவார். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாகத்தான் முன்கூட்டியே இரண்டாவது குளிசை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் எடுத்தது கிளிக்லசைட். அது உடம்பில் இன்சுலினைச் சுரக்கவைத்துச் சீனியை இறக்கும். அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், எழுதிய அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. மணமகன் வீட்டார் வந்து சாப்பாடு வைக்க இரண்டு மணியாகும் என்பது குளிசைக்குத் தெரியாது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. வியர்வை, நடுக்கம், குழறல், தடுமாற்றம் எல்லாம் சீனி இறங்கியதால் வந்தவை. பார்க்கிறவர் கண்ணுக்கு அது குடிவெறி.

இந்த வகைக் குளிசையால் இறங்கிய சீனி, ஏற்றிய பிறகும் திரும்ப இறங்கும். அதனால் டொக்டர் அவரை வார்டில் வைத்துக்கொண்டார். பிறகு மருந்தின் அளவை மாற்றினார். தான் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றும் கட்டளை போட்டார்.

3. கவுண்டரில் ஒரு கேள்வி

டொக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகும் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த கிளினிக் நாளில் கவுண்டருக்கு வந்து, மருந்தை வாங்காமல் நின்றார்.

“வேனை விக்கப் போறேன் மிஸ். நான் குடிகாரனாம். மகளுக்குப் பேசின மாப்புள வீட்டாக்களும் இப்ப பின்வாங்குறாங்க. அல்லாஹ் மேல ஆணையா, வாழ்க்கையில தொட்டதில்ல.”

சொல்லும்போது அழுதுவிட்டார். ஐம்பது கடந்த மனிதர் கவுண்டரில் நின்று அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“விக்க வேணாம் நானா. உங்கட வருத்தத்தைப் பத்தி நான் வெளியில கதைக்கலாமா?”

“கதைங்க. குடிகாரன் எண்டுற பேருக்கு நோயாளி எண்டுற பேர் எவ்வளவோ மேல்.”

அன்றிலிருந்து மருந்து கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன்: “கலியாணம், பெருநாள் எண்டால் எப்படிப் போடுவீங்க?” முதலில் சிரிப்பார்கள். பிறகு தலையைக் குனிவார்கள். பிறகு உண்மை வரும். ஒருவர் இரண்டு போடுவார். ஒருவர் மனைவியின் குளிசையைக் கடன் வாங்குவார். சீனியை இந்தளவுக்கு இறக்காத மெட்போமினுக்கும் கிளிக்லசைட்டுக்கும் பேதம் பார்க்காமல் கைக்கு வந்ததை விழுங்குகிறவரும் இருந்தார். வரிசை நீண்டது. கூட வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை.

அந்த வரிசையில் ஒரு நாள் ஜவாத் ஹாஜியாரும் வந்து நின்றார். அடுத்த கிளினிக் திகதிக்கு முன்பே அவருக்குக் குளிசை முடிந்துவிட்டதாம். அவரும் எங்கள் கிளினிக் ஆள்தான். கவுண்டருக்கு வெளியே ஆட்கள் நின்றதால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“எப்படி முடிஞ்ச ஹாஜியார்?”

“கலியாணம் கொஞ்சம் கூடிப்போச்சு மிஸ்.”

“உங்கட மகள் முறைக்காரியின்ட கலியாணத்தண்டு?”

“ரெண்டு போட்டேன். நடுக்கமெடுத்த. நல்ல வேளைக்கு விடியக்காலையிலயே பாண் திண்டிருந்தேன்.”

“ரபீக் நானாவும் ரெண்டுதான் போட்டார். அவர் பாண் திங்கல்ல. உங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.”

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குடிகாரன் என்று அவர் சத்தம்போட்டபோது எனக்கிருந்த ஆத்திரம், அந்த முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

“நான்தானே சென்னேன்,” என்றார் கடைசியில். “நானே மாத்திச் செல்றேன்.”

சொன்னபடி செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்கள் கலைய முன், பள்ளிவாசல் முற்றத்தில் ரபீக் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, “நானும் அண்டைக்கு ரெண்டு குளிசை போட்டவன்தான். இவர் குடிக்கல்ல. நான் செல்லக்கூடாததச் செல்லிட்டேன்” என்றாராம். எத்தனையோ பேர் அன்றுதான் தங்கள் பையிலிருந்த இரண்டாவது குளிசையை நினைத்துப் பயந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கவுண்டருக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். “மருந்து ஒழுங்காக எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். விருந்து நாளில் எப்படி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நோன்பு பிடிக்கிறவர்களை நோன்பு வருவதற்கு முதலே டொக்டரிடம் அனுப்புங்கள். சாப்பாடு பிந்தினால் என்ன செய்வது, நடுக்கம் வந்தால் எதைச் சாப்பிடுவது என்பதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவையுங்கள்.

ரபீக் நானா இன்றும் வேன் ஓட்டுகிறார். மகளின் கலியாண அழைப்போடு வந்தபோது எப்படி ஓட்டம் என்று கேட்டேன்.

“கரைச்சல்தான் மிஸ்,” என்றார் சிரித்துக்கொண்டு. “முந்தி ஏறினவுடனே போங்க எண்டுவாங்க. இப்ப பொம்புளையள் எல்லாரும் கதவைப் புடிச்சிக்கிட்டு நிண்டு, ‘நானா, திண்டீங்களா?’ எண்டு கேட்டுட்டுத்தான் ஏறுறாங்க.”