பதினோரு மணிக்குக் கத்தும் பெட்டி

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். என் வீட்டுக்காரர் நெய்வேலி மைன்ஸில் பர்மனென்ட். ஷிஃப்ட் பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால்கூட வழியில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று குடைந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் டவுன்ஷிப் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்தேன். ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட், ஜெராக்ஸ். வேலை தேடுகிறவர்கள் எல்லாம் ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆகிவிட்டிருந்த காலம் அது.

என்னிடம் வேலை பார்த்தவள் காடாம்புலியூர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். என் கடைச் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. டைப்பிங்கில் என்னைவிட வேகம், அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

கம்ப்யூட்டர் விற்றவர், கரண்ட் போனால் பேட்டரியில் ஓடவைக்கும் யு.பி.எஸ் பெட்டி ஒன்றையும் என் தலையில் கட்டியிருந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கரண்ட் தயாராகிற ஊரிலேயே கரண்ட் போய்விடுமா? எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளில் சமையலே சுருள் ஹீட்டரில்தான். கரண்ட் தீரும், குறையும் என்ற நினைப்பே எங்களுக்குக் கிடையாது. ஆறாவது மாதம், வீட்டில் கிடந்த பழைய ஹீட்டர் ஒன்றை நானும் கடையின் பின்னறையில் கொண்டுவந்து வைத்தேன், டீக்கு வெளியே போக வேண்டாமே என்று.

ஆறு மாதம் சும்மா கிடந்த யு.பி.எஸ் ஒருநாள் கத்தியது. டக்கென்று ஒரு சத்தம், பிறகு விட்டுவிட்டு பீப், பீப். முகப்பில் பச்சை விளக்கு போய் மஞ்சள் விளக்கு எரிந்தது. பேட்டரியில் ஓடுகிறது என்று அர்த்தம், அதுவரைக்கும் எனக்குத் தெரியும். தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது. கரண்ட் இருந்தும் பெட்டிக்கு வரவில்லையென்றால் ஒயரை யாரோ பிடுங்கியிருக்க வேண்டும். பிளக் பின்னறைக் கதவை ஒட்டி இருந்தது. அவள் அப்போதுதான் டீ போட உள்ளே போயிருந்தாள்.

மறுநாளும் பதினோரு மணிக்கு, அவள் உள்ளே போனதும் கத்தியது. சாயங்காலம் நாலு மணிக்கும் அதே கதை. கையில் இருக்கும் வேலையை முடித்து நான் எழுந்து போவதற்குள் அவள் டம்ளர்களோடு வெளியே வருவாள், பிளக் இருந்த இடத்தில் இருக்கும், பச்சை விளக்கு திரும்பியிருக்கும். செல்போனை சார்ஜ் போட்டுவிட்டு என்னைக் கண்டதும் மாற்றிவிடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

பூ கட்டிய வாழைநாரில் ஒரு இழையைக் கிழித்து, பிளக்கையும் சுவிட்ச் போர்டையும் சேர்த்துக் கட்டினேன். பிடுங்கினால் அறுந்துவிடும். அன்றும் பதினோரு மணிக்குப் பெட்டி கத்தியது. போய்ப் பார்த்தால் நார் அறுபடவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். முடிச்சு வேறு மாதிரி இருக்கிறதே, திரும்பக் கட்டிவைத்திருக்கிறாளோ என்றுதான் தோன்றியது.

அவளே ஒருநாள் சொன்னாள்.

"யக்கா, ஹீட்டரு எரிஞ்சிகினு இருக்கறப்பதான் இது கத்துது. பொட்டியில வோல்ட் நம்பர் ஒண்ணு வருது பாருங்க. எரநூத்தி முப்பது இருக்கறது நூத்தி அறுபதுக்கு எறங்கிடுது. கரண்டு பத்தல போல."

"நெய்வேலில கரண்ட் பத்தலையா? யார்கிட்ட கதை விடுற?" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அந்த நம்பரைப் பார்க்கவும் இல்லை. பீப் கேட்டதும் என் கண் பிளக்குக்கும் அவள் கைக்கும்தான் போகும்.

ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருக்க, நான் பாதி நிரப்பியிருந்தேன். மணி பதினொன்று. பீப், பீப், பிறகு விடாமல் ஒரே கத்தல், கம்ப்யூட்டர் அணைந்தது. அந்த அப்பா என்னைக் கத்தினார். டீயோடு வெளியே வந்தவளை நான் கத்தினேன், அத்தனை பேர் முன்னால், "ஒயரைப் புடுங்குறவளுக்கு இங்க வேலை இல்ல" என்று. அவள் இரண்டு டம்ளர் டீயையும் மேஜையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் எப்படியோ மதியத்துக்குள் போய்விட்டது.

அடுத்த நாள் எனக்கு டீ போட ஆள் இல்லை. நானே பின்னறைக்குப் போய் ஹீட்டரைப் போட்டேன்.

டக். பீப், பீப்.

கடையில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. வெளியே வந்து, முதல் தடவையாக அந்த நம்பரைப் பார்த்தேன். நூற்றி அறுபத்தி இரண்டு. ஹீட்டரை அணைத்தேன், இருநூற்றி முப்பது. திரும்பப் போட்டேன், இறங்கியது. அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினேன். பிறகு வந்த எலக்ட்ரீஷியன் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: பின்னறைக்குப் போகும் ஒயர் மெல்லிசு, ஹீட்டரும் யு.பி.எஸ்ஸும் அதே ஒயரில், டியூப்லைட் வேறு லைனில். ஹீட்டர் மொத்தத்தையும் இழுத்துக்கொள்கிறது. தினமும் இரண்டு வேளை பேட்டரியில் ஓடி ஓடி பேட்டரியும் செத்துவிட்டது.

உடனே போகவில்லை. வெட்கம். மூன்று வாரம் கழித்துத்தான் காடாம்புலியூருக்குப் பஸ் ஏறினேன். அவள் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையின் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. கீபோர்டில் ஓடிய விரல்கள்.

"என் மேலதான் தப்பு. வேலைக்கு வந்துடு" என்றேன்.

"வாங்கக்கா, ஒக்காருங்க" என்று மணையை நகர்த்திப் போட்டாள். கை வேலையை விடவில்லை. "கடையில இப்ப டீ யாரு போடறாங்க?"

"நான்தான்."

"பொட்டி கத்துதா?"

"கத்துச்சு."

இன்னொரு கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒயர யாரு புடுங்கனதுங்க?"