பெட்டி அளவு பார்த்த பேச்சிமுத்து

தூத்துக்குடியில் ஒரு கேத வீட்டுக்கு என் கடை நாற்காலி போகவில்லை என்றால், அது பெரிய சாவே இல்லை. உடன்குடியிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்தவன் நான். படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதுவும் பாதி. இன்றைக்குப் பந்தல், ஐஸ்பெட்டி, பூத்தேர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது என்னிடம்தான். எவ்வளவு படித்தவனும் கடைசியில் என் பெட்டிக்குத்தான் வரணும்.

பேச்சிமுத்து மீன்பிடித் துறைமுகத்தில் அரசாங்க வாட்ச்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆறடிக்கு மேல் உயரம். போன ஆவணியில் ஒருநாள் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு பெட்டி வேணும்."

"யாரு தவறிட்டா?"

"நான்தான். இன்னும் தவறல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பென்ஷன்காரர் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை வரும். மாசாமாசம் பென்ஷனில் பிடிக்கிறார்களே, அதுக்குத்தான். ஆனால் அது வர நாளாகும். சாவுச் செலவு காத்திருக்குமா? வருசத்துக்கு வருசம் ஏறிக்கொண்டேதான் போகுது. அதனால் சொந்தக்காரன் கடனை வாங்கித் தடபுடல் பண்ணுவான், தொகை வந்ததும் கழித்துக்கொள்வான். இவர் அண்ணன் சாவில் அதுதான் நடந்தது. அண்ணிக்கு மிஞ்சினது வாசலில் கிடந்த வெடிக்காகிதம்.

"என் பணம் ஆறுமுகத்தாய்க்கு வேணும். ஓட்டு வீடு ஒழுவுது, காங்கிரீட் போடட்டும். எனக்கு உங்க பெட்டி மட்டும் போதும். ஆனா நான் அதுக்குள்ள அடங்குவனா? காலை மடக்கி எனக்குப் படுத்துப் பழக்கமில்ல."

"யானையைத் தவிர எல்லாம் அடங்கும். சந்தேகம்னா பெட்டியை வீட்டுக்கே அனுப்புதேன், படுத்துப் பாரும்."

சொன்ன வாக்கு சொன்னதுதான். மறுநாளே பெட்டி போனது. ஆறுமுகத்தாய் ஏரலில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். என் ஆட்கள் பிளக்கைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவர் மூடியைத் திறந்துவைத்துப் படுத்தார். வெளியே வெயில், உள்ளே குளுகுளு. ராத்திரி ராத்திரியாக முழித்த உடம்பு, அப்படியே தூங்கிவிட்டது.

ஐஸ்பெட்டி தெருவில் இறங்கினால் யாருக்கு என்று எங்கள் பக்கம் எவனும் கேட்கமாட்டான். துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். பக்கத்து வீட்டு ஜெயபாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், ஏரலுக்குப் போனைப் போட்டாள். வீட்டுக்காரி வராமல் எப்படித் தொடுவது என்று சனம் வாசலிலேயே நின்றது. அளவு எப்படி என்று பார்க்க நான் போய்ச் சேரவும் ஏரல் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஆறுமுகத்தாய், அவள் தம்பி சுடலைராஜ், கையில் கோடி வேட்டி, பின்னாலே கொட்டு செட்டு.

"ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியளே!" என்று அவள் பெட்டியில் விழுந்தாள்.

பேச்சிமுத்து கண்ணைத் திறந்தார். "காலையிலேயே போன் போட்டேனே, எடுத்தியாளா நீ?"

ஜெயபாய் போட்ட கூச்சல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

சுடலைராஜுக்குக் கோபம். "என்ன அத்தான் இது! பூத்தேருக்கு அட்வான்ஸ் போட்டுட்டுல்லா வாரேன்!"

"யாரு காசுலே?"

"கடன்தான். உங்க சாவுப் பணம் வரும்லா..."

பேச்சிமுத்து பெட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்தார். "எல்லாரும் இருக்கிய, நல்லாக் கேட்டுக்கிடுங்க. நாளைக்கு நான் போனா தேர் கிடையாது, வெடி கிடையாது. அந்தப் பணம் இவ தலைக்கு மேல கூரை."

"கொட்டுகூட இல்லாமலா? ஊரு என்ன சொல்லும்?" என்றான் சுடலைராஜ்.

அவர் கொட்டுக்காரர்களைப் பார்த்தார். "வந்துட்டிய, அடிங்கலே! என் கொட்டை நானே கேட்டுக்கிடுதேன். பெறவு எவனும் கொட்டுன்னு சொல்லி இவகிட்ட காசு கேக்கப்படாது."

அடித்தார்கள் பாருங்கள்! தெருவே ஆடியது. கோடி வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் பெட்டியில் இருந்தபடியே தாளம் தட்டினார். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆறுமுகத்தாய் சிரித்தாள்.

சுடலைராஜ் தேருக்குக் கொடுத்த அட்வான்ஸ் என் கடைக்குத்தான் வந்திருந்தது. அங்கேயே திருப்பிக் கொடுத்தேன்.

"பெட்டி எப்படி?" என்றேன்.

"காலு இடிக்குது அண்ணாச்சி."

என் வாக்கு பொய்யாகலாமா? மதுரையில் சொல்லி நீளப்பெட்டி ஒன்று செய்து இறக்கினேன். இந்த ஜில்லாவில் வேறு எவனிடமும் கிடையாது. குடோனில் பளபளவென்று கிடக்கிறது.

இந்த மழைக்கும் அவர் வீட்டு ஓடு ஒழுகியது. "காங்கிரீட் எப்பம்?" என்று ஆறுமுகத்தாயிடம் கேட்டேன்.

ஒழுகுகிற இடத்தில் குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒழுவட்டும் அண்ணாச்சி. என்ன அவசரம்?"