டேங்க்ல போடாத பிளீச்சிங் பவுடர்

இன்னைக்குக் காலையில சோழவந்தான் பக்கம் ஒரு டீக்கடை.

"டீயில பிளீச்சிங் வாசம்"னு வெத்தலை வியாபாரி ஒருத்தர் கிளாஸைக் கீழ வச்சுட்டாரு.

"குழாய்த் தண்ணியில மருந்தை அள்ளிக் கொட்டிட்டாய்ங்கண்ணே"ன்னாரு டீ மாஸ்டர்.

நானும் ஒரு மடக்கு குடிச்சுட்டு மூக்கைச் சுளிச்சேன். ஆமா, அதே வாசம்.

அந்நேரம் பார்த்து ஊர் டேங்க்குக்கு மருந்து போடுற அண்ணன் சைக்கிள்ல வந்தாரு. எல்லாருமா அவரைப் பிடிச்சுக்கிட்டோம்.

"பவுடர் தீர்ந்து மூணு நாளாச்சுண்ணே. இன்னைக்குத்தான் வந்திருக்கு. இந்தா, இப்பதான் போடப் போறேன்."

கேரியர்ல மூட்டை. கட்டுக்கூடப் பிரிக்கல.

அப்புறம் வெத்தலை வியாபாரி மாஸ்டர் பக்கம் திரும்புனாரு.

"அப்ப இம்புட்டு நாளா மருந்து போடாத தண்ணியிலயா டீ போட்டுக் குடுத்த?"

சத்தியமா எனக்கு இன்னும் அந்த வாசம் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு. எனக்கு மட்டுந்தானா?